நாற்பத்தேழாவது தாள்

இந்த இடத்தில் மட்டும் ஏன் அடித்திருக்கிறார்?

என் வீட்டுக்காரர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவர். கடைக்கு எடுத்துப்போகும் சீட்டில் ஒரு பொருளைத் தவறுதலாக எழுதிவிட்டால்கூட அதை அடிக்க மனம் வராமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் யாரும் தொடாத இரண்டு ஷூ பாலிஷ் டப்பாக்கள் அப்படி வந்தவை. எங்கள் இருவருக்கும் ஷூ கிடையாது. அந்த மனிதர் ஒரே வரியில் ஒரு சொல்லை எழுதி அடித்து, அதற்கு மேல் வேறொன்று எழுதி அதையும் அடித்து, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லை எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்.

அடிக்காமல் இருந்திருந்தால் நான் அந்த வரியைப் படித்தே இருக்க மாட்டேன்.

நான் அச்சகத்தில் டைப் செய்கிறவள். பதினெட்டு வருடங்களாக ஒரே நாற்காலி. இரண்டு முறை அதன் சக்கரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பில் புத்தகம், லெட்டர்பேட், பள்ளிக் கேள்வித்தாள், சங்கத்தின் ஆண்டறிக்கை என்று எது வந்தாலும் என் கண் எழுத்தைப் பார்க்கும், விரல் தட்டும். நடுவில் மனதுக்கு வேலை இல்லை. படித்தால் வேகம் போய்விடும். எங்கள் எதிர் வீட்டுக்காரர் இறந்த செய்தியை நானே டைப் செய்து, கறுப்புக் கட்டம் போட்டு, அச்சுக்கும் அனுப்பிவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய் வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவள் நான். அப்படிப்பட்டவளையும் நிறுத்திப் படிக்க வைப்பது ஒன்றுதான்: அடித்தல். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று அங்கே பார்த்தே ஆக வேண்டும்.

அது நாற்பத்தேழாவது தாள். தலைப்பு, 'ஹோல்ட் பேக்'.

என் வீட்டுக்காரர் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். மாலையில், டயர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒரு நீளமான அறையில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். லிஃப்ட் மெக்கானிக், நர்சுகள், கூரியர்காரர், சலூன் வைத்திருப்பவர் என்று இருபத்திரண்டு பேர். இரண்டு சின்னச் சொற்கள் சேர்ந்து புதிதாக ஒரு பொருள் தருமே, அந்த மாதிரி வினைச்சொற்களில்தான் இவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. அதனால் வகுப்புக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஒரு தாள். மேலே சொல், அதன் கீழே அது எத்தனை விதமாகப் பயன்படும் என்ற விளக்கம், ஒவ்வொரு விதத்துக்கும் ஆங்கிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு, அதற்கடியில் தமிழ். அவர் கையால் எழுதித் தருவார். நான் மதிய இடைவேளையில் டைப் செய்து நகல் எடுத்து வைப்பேன்.

எடுத்துக்காட்டுகளில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கற்பனை வாக்கியம் எழுத மாட்டார். 'ராமன் பந்தை அடித்தான்' என்கிற மாதிரி வாக்கியத்தை இந்த உலகத்தில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை, அதனால் அது மனதில் ஒட்டாது என்பார். அந்த வாரம் அவர் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவருக்கே நடந்தது, இவைதான் வாக்கியமாகும். அவர் அதிகம் பார்த்தது என்னைத்தானே. 'கைவிடு' என்ற தாளில், "என் மனைவி சர்க்கரையை இதுவரை நான்கு முறை கைவிட்டிருக்கிறாள்." 'தள்ளிப்போடு' என்ற தாளில், "என் மனைவி பல் மருத்துவரிடம் போவதை ஒரு வருடமாகத் தள்ளிப்போடுகிறாள்." ஒருநாள் காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், பல்லு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து நான் குதித்தேன். "என் மானத்தைப் போட்டோகாப்பி எடுத்து ஊருக்கே கொடுக்கறீங்களே!" அவர் சிரித்தார். "நீதான் டைப் பண்ணின, எக்ஸ்பிரஸ்." அவர் எனக்கு வைத்த பெயர் அது. யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நான் முடித்துவிடுவேன், அதனால்.

குதித்தேன் என்று சொன்னேனே தவிர அது கோபமில்லை. ஒரு மனிதர் நாள் முழுக்க என்னைக் கவனித்திருக்கிறார் என்பதற்கு என் கையில் தாள் தாளாக அத்தாட்சி இருந்தது. எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கும்?

'ஹோல்ட் பேக்' தாளில் ஐந்து வகை இருந்தது. அன்றுதான் ஒரு தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்.

முதல் வகை, பீறிட்டு வருவதை அடக்குவது. "அப்பாவின் அறுவைச் சிகிச்சை முடியும்வரை அவள் கண்ணீரை அடக்கிக்கொண்டாள்." எந்த அப்பா, எந்த அவள்? என் அப்பா படுத்திருந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி அழுதவள். இது நானில்லை.

இரண்டாவது வகை, செய்ய நினைத்ததைச் செய்யாமல் நிற்பது. அடித்தல் இங்கேதான்.

மூன்றாவது, தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது. "அவளுக்கு விடை தெரியும், மற்றவர்கள் யோசிக்கட்டும் என்று சொல்லாமல் இருந்தாள்." நான் விடை தெரியாமலே சொல்கிறவள். இதுவும் நானில்லை.

நான்காவது, ஒருவரை முன்னேறவிடாமல் பிடித்து வைப்பது. "சிறு வயதிலேயே வந்த பொறுப்புகள் அவளை மேலே போகவிடாமல் தடுத்துவிட்டன." என் பொறுப்புகள் என்னைத் தடுத்தன என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, நான் எங்கும் போகக் கிளம்பியதும் இல்லை.

ஐந்தாவது, பிறகு பயன்படட்டும் என்று எடுத்து வைப்பது. "என் மனைவி கடைசி பிஸ்கட்டை எப்போதும் எனக்காக எடுத்து வைப்பாள்."

இந்த நீளமான தாளில் என் பங்குக்கு ஒரு பிஸ்கட்.

இரண்டாவது வரியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் எழுதிய கடைசிச் சொல், 'ஒருவரிடம்'. அதற்கு முன்பு அடித்தது, 'ஒரு தோழியிடம்'. எல்லாவற்றுக்கும் அடியில், முதன்முதலில் எழுதியது, 'என் மாணவியிடம்'. வாக்கியம் இதுதான்: "என் மாணவியிடம் ஒன்று சொல்ல நினைத்தேன், சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்."

என் விரல் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது.

பைண்டிங் அக்காவின் மேசை எனக்கு இரண்டடி தள்ளி. அவள் பசைத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்ன, ஸ்க்ரீனை இப்படி முறைக்கிற? மாமியார் மூஞ்சி தெரியுதா?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு ஆளு ஒண்ணை எழுதிட்டு அடிச்சிட்டா, அதைச் சொன்னதா எடுத்துக்கறதா, சொல்லாததா எடுத்துக்கறதா?"

"நம்ம தொழில்ல அடிச்சது அடிச்சதுதான். அதை டைப் பண்ணினா பார்ட்டி வந்து குதிப்பான்."

"தொழிலை விடு. சும்மா ஒரு மனுஷனை வெச்சு சொல்லு."

அக்கா விரலில் ஒட்டிய பசையை உருட்டிக்கொண்டே யோசித்தாள். "எத்தனை கோடு?"

"ஒரே கோடு. நேரா."

"அப்ப அடுத்தவங்க படிக்கணும்னு ஆசை. நிஜமாவே வேணாம்னா கிறுக்கித் தள்ளியிருப்பான், ஒரு எழுத்து தெரியாது." என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "யாரு அந்த ஆளு?"

"ஒரு பார்ட்டி."

"ம். பார்ட்டிக்கு உடம்பு சரியில்லை போல."

நான் பழைய தாள்களைத் திறந்தேன். நாற்பத்தாறும் என் கணினியில்தான் இருக்கின்றன. தேடுகிற கட்டத்தில் 'என் மனைவி' என்று தட்டினேன். ஒன்றிலிருந்து முப்பதாவது தாள் வரை முப்பத்தெட்டு இடங்களில் வந்தது. முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்தாறு வரை நான்கு. ஒன்றில் கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்கிறேன். இன்னொன்றில் குடையை மறக்கிறேன். மற்ற இரண்டிலும் தூங்குகிறேன்.

முப்பத்தொன்றாவது தாளின் போது வகுப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். அவரே சொன்னார், சாப்பிடும்போது. "புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க. காது மெஷின் பொருத்தற கடையில வேலை. ரொம்ப மெதுவா பேசறாங்க, ஆனா ஒரு எழுத்து விடாம நமக்குக் கேக்குது, ஆச்சரியமா இருக்கு." நான் என்ன சொன்னேன்? "காது கேக்காதவங்களோட பேசிப் பேசிப் பழகியிருப்பாங்க" என்று அவருக்கும் சேர்த்து முடித்துவிட்டு, தட்டைக் கழுவப் போனேன். அந்தப் பதினாறு தாள்களிலும் 'அவள்' என்று வந்த இடங்களை இப்போது ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறாள். அவள் தம்பிகள் இருவரையும் படிக்க வைத்தாள். அவள் பேசுவதற்கு முன்பு ஒரு கணம் காத்திருக்கிறாள். இதையெல்லாம் என் விரல்கள் தட்டியிருக்கின்றன. என் விரலுக்குத் தெரிந்த பெண்ணை எனக்குத் தெரியாது.

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு எரியவில்லை. இவர் ஒன்றும் செய்யவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. செய்திருந்தால் தாளில் இருந்திருக்கும். செய்யாததுதான் இருந்தது. அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் என்னிடம் இவர் எதையாவது அடக்கியிருக்கிறாரா? இருமல், ஏப்பம், எரிச்சல், பசி, 'உன் கழுத்துல கருப்பா இருக்கு' என்கிற வார்த்தை, எதுவும் அடங்கியதில்லை. என் முன்னால் அடக்க அவருக்கு எதுவும் இருந்ததில்லை. எனக்காக ஒரு மனிதன் தொண்டை வரை வந்த சொல்லை விழுங்கியது என் வாழ்க்கையில் நடக்கவில்லை. அவளுக்கு நடந்திருக்கிறது. அவளுக்கே தெரியாமல் நடந்திருக்கிறது என்றால் இன்னும் அதிகம்.

பதினெட்டு வருடத் தொழிலில் செய்யாத ஒன்றை அப்போது செய்தேன். அடித்ததை டைப் செய்தேன். ஆங்கிலத்திலும் தமிழிலும். "என் மாணவியிடம் ஒன்று சொல்ல நினைத்தேன், சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்." இருபத்திரண்டு நகல். ஒருமுறைகூடப் பிழை பார்க்கவில்லை.

வழக்கமாக அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் அச்சகத்துக்கு வந்து தாள்களை வாங்கிக்கொள்வார். அன்று நான் போன் செய்தேன். "நானே கொண்டு வரேன்."

"நீயா? எதுக்கு?"

"சும்மாதான். உங்க கிளாஸை நான் பாத்ததே இல்லையே."

ஒரு கணம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வா வா" என்றார். அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று நான் வழியெல்லாம் அளந்துகொண்டே போனேன்.

டயர் கடையின் ரப்பர் வாசனை மாடிப்படியிலும் கூடவே ஏறி வந்தது. அறையில் பச்சைப் பலகை, ஆறு நீள பெஞ்சு, ஆடுகிற ஒரு மின்விசிறி. என்னைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். "வாங்க மேடம்! உங்களை எங்களுக்கு நல்லாத் தெரியும். சர்க்கரையை அஞ்சாவது தடவையும் விட்டாச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தேடினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. மடியில் ஹெல்மெட் வைத்திருந்தவள் ஒருத்திதான். நான் மனதில் போட்டுவைத்திருந்த அழகு எதுவும் அவளிடம் இல்லை. நாற்பதை நெருங்கிய முகம், காதோரம் நரை, வேலைச் சீருடையின் பாக்கெட்டில் காது மெஷின் துடைக்கிற ஒரு சின்ன பிரஷ். அழகியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழகை யாரும் பார்ப்பார்கள். இவளைப் பார்க்க வேண்டுமென்றால் கவனிக்க வேண்டும். அவர் கவனித்திருக்கிறார்.

தாள்களை நானே கொடுத்துக்கொண்டு போனேன். அவளிடம் நீட்டியபோது, "நீங்களா டைப் பண்றீங்க?" என்றாள். "எங்க கடைப் பேப்பர்ல எல்லாம் வரிக்கு ஒரு தப்பு இருக்கும். உங்க தாள்ல இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பாத்ததில்லை."

"பழக்கந்தான். பதினெட்டு வருஷமா இதே வேலை, கண்ணை மூடிக்கிட்டே கூட..." என்று ஆரம்பித்தேன். நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். முடித்த பிறகும் ஒரு கணம் காத்திருந்தாள், இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று. என் பேச்சுக்கு யாரும் அப்படி இடம் விட்டதில்லை. எனக்கே அது பிடித்துப்போனது. அதுதான் அன்றைக்கு எனக்கு விழுந்த பெரிய அடி. இவருக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல் தாளைப் பார்க்காமலே சொல்லைப் பலகையில் எழுதி விளக்கினார். "இது ஒரு கயிறு மாதிரி. உள்ள ஏதோ ஒண்ணு முன்னால இழுக்குது. இன்னொண்ணு பின்னால பிடிக்குது. ரெண்டும் இருந்தாத்தான் இந்தச் சொல்லு. இழுக்கவே எதுவும் இல்லைன்னா பிடிக்கிறதுக்கும் ஒண்ணுமில்லை, அங்க இதைப் போடக் கூடாது. சும்மா உக்காந்திருக்கறவரைப் பாத்து அடக்கமானவர்னு சொல்லிட முடியுமா?"

"சார், நம்ம கூரியர்காரர் ஒரு மாசமா வாயே திறக்கல. அவரு அடக்கிக்கிறாரா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றார் கூரியர்காரர். அறை அதிர்ந்தது. அவரும் சிரித்தார். நல்ல வாத்தியார் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை தாள்களாக அவர் வாக்கியங்களில் குடியிருந்திருக்கிறேன், அவர் பேசிப் பாடம் நடத்திக் கேட்டதில்லை.

பிறகு தாளைக் கையில் எடுத்தார். கண்ணீர் வாக்கியத்தைப் படித்தார். இரண்டாவது வாக்கியத்தையும் அதே வேகத்தில் ஆரம்பித்தார். "என் மாணவியிடம்..."

நிறுத்தினார்.

மின்விசிறி ஒரு முறை ஆடி நின்று மறுபடி ஆடியது. இருபத்திரண்டு பேர் கையிலும் அந்த வரி இருந்தது. அவர் தலையைத் தூக்கி நேராகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"என்ன சார் சொல்ல நினைச்சீங்க?" என்றார் சலூன்காரர்.

"மார்க்கு கம்மின்னு சொல்ல வந்திருப்பாரு. பாவம்னு விட்டுட்டாரு," என்றார் லிஃப்ட் மெக்கானிக். "யாரு சார் அந்த மாணவி? நர்ஸம்மாவா?"

"ஐயோ, நானில்லப்பா! என்கிட்ட சார் எதையும் அடக்கறதே இல்லை, நல்லாவே திட்டறாரு!" என்றாள் பல் விசாரித்த நர்ஸ்.

அவர் காது சிவந்துகொண்டே போனது. அவளைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியில் ஆள்காட்டி விரலை வைத்திருந்தாள். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவள் யார் பக்கமும் திரும்பவில்லை. புரியாதவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு தானாக அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு அந்த மெல்லிய குரலில், ஒரு எழுத்து விடாமல் எல்லாருக்கும் கேட்கும்படி, "சார், மூணாவதை நான் படிக்கட்டுமா?" என்றாள்.

படித்தாள். "அவளுக்கு விடை தெரியும், மற்றவர்கள் யோசிக்கட்டும் என்று சொல்லாமல் இருந்தாள்." அவளைப் பற்றிய வாக்கியத்தை அவளே படித்தாள். குரல் அசையவில்லை. அவரைக் காப்பாற்றிவிட்டாள். நான் தள்ளிவிட்ட மனிதரை, என் கண் முன்னால் அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். நான் அவளை வெறுக்க வந்தவள். வெறுப்பதற்குக்கூட அவள் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு இருவரும் பஸ்ஸில் வந்தோம். நெரிசல். அவர் முன்னால், நான் பின்னால். சாப்பிடும்போது கேஸ் தீரப்போகிறது என்று நான் சொன்னேன். 'சரி' என்றார்.

மறுநாள் காலை நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. வந்து நிலைக்கதவில் சாய்ந்து நின்றார்.

"அதை ஏன் டைப் பண்ணின?"

"நீங்க ஏன் எழுதினீங்க?"

"அடிச்சிருந்தேனே."

"ஒரு கோடுதான் போட்டிருந்தீங்க. நல்லாப் படிக்க முடிஞ்சுது."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், கோடு போட்ட கை அதுதானா என்பது போல. "நான் ஒண்ணும் பண்ணல."

"தெரியும்."

"ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

"அதான் எழுதியிருக்கீங்களே." ஒரு தலையணை உறையை உதறினேன். தண்ணீர் அவர் மேல் தெறித்தது. விலகவில்லை. "என்ன சொல்ல நினைச்சீங்க?"

இதற்கு நான் தயாராக இருந்தேன். ராத்திரியெல்லாம் அவருக்குப் பதிலாக நானே அந்த வாக்கியத்தை எட்டு விதமாக முடித்து வைத்திருந்தேன். எக்ஸ்பிரஸ் இல்லையா? அவர் சொன்னது அந்த எட்டில் இல்லை.

"பெருசா ஒண்ணுமில்லை. கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. அவங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, 'வரேன் சார்'னாங்க. 'இருங்களேன்'னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவ்வளவுதான்."

இருங்களேன். காதல், ஆசை என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், தட்டு ஒன்றிரண்டு உடைந்திருக்கும், அதோடு போயிருக்கும். இது சின்னச் சொல். என்னிடம் அவர் 'இரு' என்று கேட்டதே இல்லை. நான் எங்கே போனேன், கேட்பதற்கு?

இன்னும் மூன்று துணிதான் மிச்சம். கிளிப் டப்பாவில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தேன்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"நீ கிளாசுக்கு வந்துடேன். நேத்து மாதிரி, கடைசி பெஞ்சுல. ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும். நேத்து நீ அங்க இருந்த... நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாத்தல்ல? நீ இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். வாரம் மூணு நாள்தான்." நிறுத்தினார். "தப்பு பண்ணிடுவேன்னு இல்லை. பண்ணக் கூடாதுன்னுதான் கேக்கறேன்."

அவர் உண்மையாகத்தான் கேட்டார். கண் கெஞ்சியது. இருபத்தொரு வருடத்தில் என் முன்னால் இவ்வளவு கஷ்டப்பட்டு அவர் எதையும் பேசியதில்லை.

எனக்குள் இருந்த பொறாமை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டது. இதைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? வாரம் மூன்று நாள், வாத்தியாரே கூப்பிட்டுக் கொடுக்கிற இடம். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்த வார்த்தையில் தடுமாறுகிறார், அவள் ஹெல்மெட்டை எந்த நேரத்தில் கையில் எடுக்கிறாள், எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கலாம். ஒரு பார்வை தவறாது. கயிற்றின் மறுநுனி என் கையில் இருக்கும். நான் பிடித்திருக்கும்வரை அவர் நல்லவராக இருப்பார். பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, நூறு. ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்தால்?

'சரி' என்ற சொல் என் நாக்கில் வந்து நின்றுவிட்டது. எப்போதும்போல எனக்கு முன்னால் ஓடி வந்துவிட்டது.

அவர் பேசி முடித்துவிட்டார். முடித்த பிறகும் நான் ஒரு கணம் காத்திருந்தேன், இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று. இல்லை. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். கடைசித் துணி அவருடைய பனியன். அதை விரித்து, இரண்டு தோளிலும் கிளிப் போட்டேன்.

"நான் வரலைங்க," என்றேன்.

"ஏன்? கோவமா?"

"கோவம் இருக்குது. அதுக்காகச் சொல்லல."

"அப்ப நான் என்ன பண்றது?"

"அது உங்க கிளாஸ்." காலி வாளியை எடுத்துக்கொண்டேன். நிலைக்கதவில் அவர் நகர்ந்து வழிவிட்டார். "நாப்பத்தெட்டை எழுதி வெச்சிருந்தா கொடுங்க, மத்தியானம் டைப் பண்ணித் தரேன். அங்க வந்து உக்கார மாட்டேன்."